பின்சீட்டுப் பேச்சு

இரண்டு தடவை சர்வீஸுக்கு விட்ட பிறகும் பைக்கின் பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஊரைக் கூட்டுகிற சத்தம் ஒன்றும் இல்லை. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும், தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு 'நறுக்'. மற்றவர்களாக இருந்தால் பாட்டைப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். மெஷின்காரரால் அப்படிப் போக முடியவில்லை.

தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் மெஷின்காரர். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் தொழில். ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் பாதி நாள், வீடு வீடாகப் போய் மீதி நாள். ஊசி மயிரிழை தள்ளி இறங்கினாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காது. ஆனால் பைக் விஷயத்தில் காது மட்டும்தான் வேலை செய்தது, கை ஓடவில்லை. "இஞ்சினைப் பிரிச்சிடுவேன். திரும்ப மூடும்போது நாலு நட்டு கையில மிஞ்சும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வண்டியை விட்டது மெயின் ரோட்டில் இருந்த பெரிய ஷோரூமில். முன்னால் கண்ணாடிச் சுவர், ஏசி, ரிப்பன் கட்டிய புது வண்டிகள், பொத்தானை அமுக்கினால் டீ ஊற்றுகிற மெஷின். வேலை நடக்கிற இடம் பின்கதவுக்கு அப்பால். 'வாடிக்கையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று கதவில் ஒட்டியிருப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது கடவுளுக்கும் டை கட்டிய இளைஞனுக்கும் மட்டுமே தெரியும். அந்த இளைஞன் வார்த்தைக்கு வார்த்தை சார் போடுவான். சாயங்காலம் பளபளவென்று கழுவிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "சார், கம்பெனியிலிருந்து போன் வரும் சார். பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார்" என்பான்.

மூன்றாவது தடவை விடுவதற்கு முன்பு மெஷின்காரர் ஒரு காரியம் செய்திருந்தார். பட்டன் தைக்கிற சிவப்பு நூலில் ஒரு இழை எடுத்து, ஏர் ஃபில்டர் மூடியின் இரண்டு திருகுகளையும் சேர்த்துக் கட்டி, முடிச்சை உள்பக்கமாகத் தள்ளிவிட்டார். திருகைத் தொட்டால் நூல் அறுந்தாக வேண்டும். வண்டி திரும்பி வந்ததும் குனிந்து பார்த்தார். நூல் கட்டியது கட்டியபடி இருந்தது. கையிலிருந்த சீட்டில் 'ஏர் ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டது' என்று அச்சாகியிருந்தது.

"தம்பி, நூல் அறாம மூடியைத் திறந்து சுத்தம் பண்ணியிருக்கீங்க. அந்த வித்தையை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

"சார், சிஸ்டத்துல டன்னுன்னு காட்டுது சார்."

"சிஸ்டத்துல காட்டுது. வண்டியில காட்டலையே. ரெண்டு தடவை விட்டும் பின்னாடி சத்தம் போகவே இல்ல. நீங்க ஓட்டிப் பாத்தீங்களா இல்லையா?"

மெஷின்காரர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் போட்டார். காத்திருந்தவர்கள் டீயோடு எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். டைக்காரன் முகம் சிவந்து வண்டியைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டு போனான். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்தது. "எல்லாம் திரும்பப் பாத்தாச்சு சார். செயின் லூஸா இருந்துச்சு, அதையும் சேத்து டைட் பண்ணியாச்சு சார்." நூல் அறுந்திருந்தது. மெஷின்காரரும் ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வந்தார்.

அவர் இந்த வண்டியை இப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்ததற்குக் காரணம் அவர் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனை செய்கிற லேப்பில் வேலை பார்த்தாள். ஊசி குத்துவது அவள் வேலை. எவ்வளவு குண்டான கையானாலும் இரண்டு விரலால் தடவிப் பார்த்து நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள். "அந்த அக்கா குத்தினா வலிக்காது" என்று அவளுக்காகவே காத்திருக்கிற வயசானவர்கள் உண்டு. தினமும் காலையில் அவளை லேப்பில் இறக்கிவிட்டுத்தான் இவர் வேலைக்குப் போவார். இருபத்தைந்து நிமிஷப் பயணம். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது அந்த இருபத்தைந்து நிமிஷத்தில்தான்.

வீட்டில் எங்கே பேசுவது? இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள், மூச்சு விட்டாலே 'உஷ்' என்பாள். இன்னொன்றில் மாமனார். ரிட்டயரான பஸ் டிரைவர். காது கொஞ்சம் மந்தமானதால் டிவியில் செய்தி வாசிக்கிறவர் நம் வீட்டுக்குள் வந்து கத்துவது போலிருக்கும். ஆக, மகளைப் பற்றிய கவலை, தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போவதா வேண்டாமா, ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்த போலீஸ்காரர் கதை, எல்லாம் பின்சீட்டிலிருந்து அவர் தோளுக்கு மேல் முகத்தை நீட்டி அவள் பேசியதுதான். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து "ம்... ம்..." என்பார். சண்டைகூட அங்கேதான். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர்களுக்காக நிறுத்திவைத்து, பச்சை விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

ஜெயித்த மாதிரி வண்டியைக் கொண்டுவந்த மூன்றாம் நாள் காலை, லேசான தூறல். பாலத்து இறக்கத்தில் மெதுவாகத்தான் போனார். திடீரென்று பின்னால் 'படக்' என்றது. பின்சக்கரம் பிடித்துவைத்த மாதிரி நின்றுவிட்டது. வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் சாய்ந்தது. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவள் வலது கையை ஊன்றி விழுந்தாள். எழுந்து உட்கார்ந்து, அந்தக் கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, அழாமல், "மணிக்கட்டு போயிடுச்சுங்க" என்றாள். அவளுக்குத் தெரியும்.

பாலத்தடியில் பஞ்சர் ஒட்டுகிறவர்தான் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார். செயின் கழன்று பல்சக்கரத்தில் சிக்கிக் கிடந்தது. அவர் பின்சக்கரத்து அச்சில் இருந்த நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெஷின்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார் இது, கையாலேயே சுத்துது? செயினை இழுத்துட்டு நட்டை முறுக்காம விட்டிருக்காங்க. சக்கரம் கோணிக்கிச்சு. யாருகிட்ட சார் விட்டீங்க?"

அவர் செயினை மாட்டி நட்டை முறுக்குவதற்குள் மெஷின்காரர் மனைவியை ஆட்டோவில் ஏற்றினார்.

கையில் மாவுக்கட்டு. ஆறு வாரம். அடுத்த நாள் ஷோரூமுக்குப் போனார். இந்தத் தடவை மேனேஜரே வெளியே வந்தார். "ரோடு கண்டிஷன் அப்படி சார். எங்களால ஆனது, ஃப்ரீயா ஒரு வாட்டர் வாஷ் பண்ணித் தர்றோம்" என்றார். மெஷின்காரருக்கு முன்பு போட்ட சத்தத்தில் பாதிகூட வரவில்லை. திரும்பி நடந்தார்.

வீட்டில் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "நான் அன்னிக்கு சண்டை போட்டிருக்கக் கூடாது. அந்த ஆத்திரத்துலயும் அவசரத்துலயும்தான் முறுக்காம விட்டிருக்கான்" என்றார்.

அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள். "சண்டை போட்டது தப்பில்ல. சண்டை போட்டுட்டு அவங்ககிட்டயே திரும்பக் குடுத்தீங்க பாருங்க, அதுதான் தப்பு."

மறு அறையிலிருந்து மகள் 'உஷ்' என்றாள்.

மாமனார் ஒரே போடாகப் போட்டார். "வித்துத் தள்ளுங்க மாப்ள. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். ரெண்டு சக்கரத்துல என்ன நம்பிக்கை? தானா நிக்கக்கூட வக்கில்லாத வண்டி."

இரண்டாவது வாரமே அவள் லேப்புக்குப் போகத் தொடங்கினாள், பஸ்ஸில். ஊசி பிடிக்க முடியாது. முன்னால் உட்கார்ந்து இடது கையால் பேர் எழுதுகிற வேலை. அவளைத் தேடி வந்த வயசானவர்கள் கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, வேறு ஆளிடம் குத்திக்கொண்டு முகம் சுளித்துப் போனார்கள். கட்டு அவிழ்த்த பிறகு விரலுக்குப் பழைய நுணுக்கம் வருமா என்பது அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பயம். சொல்ல இடமும் இல்லை. வீட்டில் இருவரும் பேசியதெல்லாம், "பால் வாங்கியாச்சா?" "ம்." "கேஸ் சொல்லியாச்சா?" "நாளைக்கு." இவ்வளவுதான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது மெஷின்காரருக்கு.

அவர் வேறு இடம் தேட ஆரம்பித்தார். மெஷின் பார்க்கப் போகிற வீடுகளில் எல்லாம் விசாரித்தார். ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்புக்கும் போய் எதிர்ப்பக்கத்தில் நின்று, பெண் பார்க்க வந்தவர் மாதிரி கவனித்தார். ஒரு இடத்தில் கழற்றிய நட்டுகளைத் தரையில் சிதற விட்டிருந்தார்கள். இன்னொரு இடத்தில் மெக்கானிக் ஒரு கையில் போன் பேசிக்கொண்டே இன்னொரு கையால் முறுக்கினார். மூன்றாவது இடத்தில் வண்டியைப் பார்க்கும் முன்பே இஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள்.

ஊருக்குக் கடைசியில், மரப்பலகை அறுக்கிற மில்லுக்குப் பக்கத்தில், அதே கம்பெனியின் இன்னொரு டீலர் இருந்தார். ஷோரூம் என்று பேருக்கு இரண்டு புது வண்டிகள். மீதி இடமெல்லாம் ஒர்க்‌ஷாப். நடுவில் கதவும் இல்லை, சுவரும் இல்லை. வாசல் மேஜையில் ஓனரம்மா உட்கார்ந்து பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.

"யாரு ஓட்டுவீங்க?"

"நான்தாங்க."

"பின்னாடி யாரு உக்காருவாங்க?"

இதை யாரும் இதுவரை அவரிடம் கேட்டதில்லை. நின்றபடியே முழுக் கதையையும் சொன்னார். ஓனரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். 'ச்சோ' என்றோ 'அடப்பாவமே' என்றோ சொல்லவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "மூணு நாள் ஆகும். அவசரம்னா வேற இடம்தான் பாக்கணும். எங்க மேஸ்திரி அவசரத்துக்கு ஆக மாட்டாரு. அவருக்கு நாங்க வச்ச பேரே சந்தேகம்" என்றார்.

சந்தேகம் கனத்த உடம்புக்காரர். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"ஒத்தையா ஓட்டும்போது சத்தம் வருதா?"

மெஷின்காரர் யோசித்தார். "வர்றதில்லைங்க. அட, ஆமா! அவ உக்காந்தாதான் வரும்."

"அப்ப நீங்க ஓட்டுங்க. நான் உக்காரறேன்."

சொன்னபடியே பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டி ஒரு தரம் மூச்சை இழுத்துவிட்டுக் கிளம்பியது. மில்லைச் சுற்றிக் குண்டும் குழியுமான பாதை. சந்தேகம் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு காதைச் சக்கரத்தின் பக்கம் கொண்டுபோனார். பலகை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நறுக்."

"ஆங்! கேட்டுச்சு. இன்னொரு குழியில விடுங்க... பெரிய குழியா பாத்து விடுங்க."

நாலு சுற்று போனார்கள். சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் சந்தேகம் பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினார். தன் காதில் விழுந்தது இன்னொருத்தர் காதிலும் விழுந்ததில் மெஷின்காரருக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

அந்த மூன்று நாளும் மதியத்துக்குமேல் அங்கே போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. சந்தேகம் கழற்றிய ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, தட்டில் வரிசையாக வைத்தார். பின்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையை இறக்கி, அதன் மூட்டிலிருந்து ஒரு குழல் துண்டை எடுத்து நீட்டினார். ஒரு பக்கம் தேய்ந்து பிறை மாதிரி ஆகியிருந்தது.

"இந்த புஷ்தான் சார். ஒருத்தர் உக்காந்தா தாங்கும். ரெண்டு பேர் பாரம் விழுந்தாதான் ஆடும். அவங்க ஒத்தையா ஓட்டிப் பாத்துட்டு விட்டிருப்பாங்க. அதுவும் ஓட்டியிருந்தா."

"பிரேக் கட்டையும் மாத்தணுமா?"

"எதுக்கு? அது இன்னும் நல்லா ஓடும். சும்மா இருக்கறதை எதுக்குக் கழட்டி எறியணும்? பிரேக் கம்பியில இருக்கற சின்ன பின் மட்டும் புதுசு போடறேன்." பிறகு, "சார், எங்க வீட்டு மெஷின் பின்பக்கம் நூல் வாரி வாரிப் போடுது. எதனால?" என்று கேட்டார்.

"பாபின் பெட்டியில பஞ்சு அடைச்சிருக்கும். ஊசியை மாத்திப் பாருங்க முதல்ல. அதுக்கும் கேக்கலைன்னா நான் வந்து பாக்கறேன்."

"நீங்களும் மொதல்ல சின்னதுலதான் ஆரம்பிப்பீங்களா?" என்று சந்தேகம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார்.

நான்காம் நாள் வண்டி வீட்டுக்கு வந்தது. மாமனார் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பஸ்ஸைப் பார்ப்பது போல டயர் இரண்டையும் காலால் உதைத்துப் பார்த்தார். மெஷின்காரர் அவரை ஏற்றிக்கொண்டு தெருவை மூன்று தடவை சுற்றினார். சத்தம் போன இடம் தெரியவில்லை. "பரவால்ல" என்றார் மாமனார். முப்பத்தொரு வருஷ வேலையில் அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டே அதுதான்.

அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. கை வெளிறி, மெலிந்து, வேறு யாருடையதோ போலிருந்தது.

"வா, சும்மா முக்கு வரைக்கும்" என்றார் அவர்.

"வண்டி சரியாயிடுச்சு. சந்தோஷம். எனக்கு இன்னும் சரியாகலைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பஸ் ஸ்டாப் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே அவளோடு நடந்தார். அவள் பஸ் ஏறியதும் பின்சீட்டு காலியாக இவர் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு பழைய வண்டி வந்து நின்றது. சந்தேகம். கையில் ஒரு துணிப்பை. மெஷின்காரர் கடைக்குப் போயிருந்தார். அவள்தான் கதவைத் திறந்தாள்.

"நீங்கதானேம்மா பின்னாடி உக்கார்றவங்க? நான் வண்டி பாத்த மேஸ்திரி." பையிலிருந்து ஒரு சின்னக் கம்பித் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கொண்டை ஊசியில் பாதிகூட இருக்காது. "பிரேக் கம்பி கழண்டுக்காம இருக்கறதுக்குப் போடற பின். புதுசு போடறேன்னு எடுத்து வச்சேன். இன்னிக்குத் தட்டைத் துடைக்கறேன், புதுசு தட்டுலயே கிடக்குது. அப்ப வண்டியில பழசையே திரும்ப மாட்டியிருக்கேன். தப்பு என்னோடதுதான். மாத்திட்டுப் போயிடறேன்."

"பழசு இருந்தா என்ன ஆகும்?"

"ஒரு வருஷம்கூட ஓடும். நாளைக்கே ஒடிஞ்சாலும் ஒடியும். எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் வந்தேன்."

அவள் அவரையே பார்த்தாள். "நீங்க பாட்டுக்கு வந்து, சும்மா செக் பண்ண வந்தேன்னு சொல்லி மாத்திட்டுப் போயிருக்கலாமே. தப்புன்னு எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

சந்தேகம் தலையைச் சொறிந்தார். "உக்காரப் போறது நீங்கதானேம்மா" என்றார்.

லேப்பில் ஒருநாள் இரண்டு குழாய்களில் பேர் மாறிப்போய், அவளே போன் செய்து ஒரு பெரியவரைத் திரும்ப வரவழைத்து, இன்னொரு தடவை குத்தியிருக்கிறாள். அந்தப் போனைப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே போய் ஒரு பழைய சாக்கைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். "உக்காந்து பாருங்க. நானும் பாக்கறேன்."

மெஷின்காரர் பையோடு திரும்பி வந்தபோது, வண்டியின் அந்தப் பக்கம் சந்தேகமும் இந்தப் பக்கம் தன் மனைவியும் குந்தியிருந்ததைப் பார்த்தார். அவள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இது எதுக்கு, இது கழண்டா எது போகும், அன்னிக்குக் கழண்டது எந்த நட்டு. சந்தேகம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அச்சு நட்டின்மேல் ஸ்பேனரை மாட்டி, "நீங்களே முறுக்கிப் பாருங்க" என்றார். அவள் இடது கையால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. வலது கையையும் சேர்த்து வைத்துத் தள்ளினாள். கையும் வலிக்கவில்லை, நட்டும் அசையவில்லை.

"ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டட்டுமா?" என்று கேட்டார் மெஷின்காரர்.

"நீங்க ஓட்டினா உங்களுக்குத்தான் நம்பிக்கை வரும்" என்றார் சந்தேகம். "அம்மா, நீங்க முன்னாடி ஏறுங்க. இஞ்சின் வேணாம். சார் தள்ளட்டும். உங்க காலாலயே பிரேக்கை மிதிச்சுப் பாருங்க."

"நானா? எனக்கு சைக்கிளே தெரியாது!"

"அதனால என்ன, நிறுத்தத்தானே போறீங்க."

மாமனார் ஜன்னலில் வந்து நின்றார். "காலை முழுசா வைக்காத கண்ணு! முன்பாதத்தால மிதி!" மகள் புத்தகத்தோடு வாசலுக்கே வந்துவிட்டாள். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா கொடியை விலக்கிப் பார்த்தார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். சந்தேகம் பக்கத்தில் கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் நடந்து வந்தார். மெஷின்காரர் பின்னாலிருந்து தள்ளினார். தெரு லேசான இறக்கம். வண்டி மெதுவாக உருண்டு, பிறகு கொஞ்சம் வேகம் பிடித்தது. "ஐயோ" என்று கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள். வண்டி அந்த இடத்திலேயே, அரை அடிகூட நகராமல் நின்றது. பின்னால் தள்ளிக்கொண்டு வந்தவர் கேரியரில் நெஞ்சை இடித்துக்கொண்டார்.

"நின்னுடுச்சு!" என்றாள்.

"நிக்கத்தானே சொன்னேன்" என்றார் சந்தேகம்.

"இன்னொரு தடவை தள்ளுங்க."

இன்னொரு தடவை. அதற்கப்புறம் கண்ணைத் திறந்துகொண்டு ஒரு தடவை. தெருமுனை வந்ததும் திருப்பி மேட்டில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்து, மறுபடி முதலிலிருந்து. சந்தேகம் பாதியில் ஒதுங்கி, மாமனாரோடு ஜன்னலடியில் பஸ் பிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மகள் எண்ணிக்கொண்டிருந்தவள் ஏழுக்குமேல் விட்டுவிட்டாள். மெஷின்காரருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாக்கு வெளியே தள்ளியது.

"போதுமா?" என்றார்.

"இருங்க, நல்லா பழகிக்கறேன்." அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்தபடி, குரலைக் கொஞ்சம் பின்னால் திருப்பிச் சொன்னாள்: "என்னங்க, வெள்ளிக்கிழமை லேப்புல டாக்டரம்மா ஊசியை எடுத்து எங்கையில குடுத்தாங்க. ஒரு தாத்தா வந்திருந்தாரு. எனக்குக் கை நடுங்குது, அவரு கண்டுபிடிச்சிட்டாரு. என்ன சொன்னாரு தெரியுமா? குத்தும்மா, எனக்கு ரெண்டு கை இருக்குன்னாரு. மொதல் குத்துலயே கிடைச்சிடுச்சுங்க. நான் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தேன். உங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு நாளா..."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். மேடு ஆரம்பித்திருந்தது. மெஷின்காரர் இரண்டு கையாலும் பின்சீட்டை அழுத்திப் பிடித்து, தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, மூச்சு வாங்கியபடி, "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே தள்ளினார்.